பலிபீடம் வேறு, பதிவேடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தன்பாலினத் திருமணம் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக வெளிவரும் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். ஒரு வாசகர் மறைநூல் வசனங்களை வரிசையாக எடுத்துக்காட்டி, இறைவன் விதித்ததை எந்த நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று எழுதியிருந்தார். அடுத்த வாரமே அவருக்குப் பதில் எழுதிய இன்னொருவர், மதத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால்தான் பேச்சே என்று முடித்துவிட்டார். இருவரும் திருமணம் என்ற ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஆனால் முதலாமவர் கோவில் பலிபீடத்தின் முன் நடக்கும் சமயச் சடங்கைச் சொல்கிறார். இரண்டாமவர் பதிவாளரின் மேசையில் கையெழுத்தாவதைச் சொல்கிறார். ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வதுபோலத் தோன்றினாலும், இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள், ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதவள். மருத்துவமனை ஒன்றின் நோயாளர் பதிவுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் பொருளில் எனக்கு ஒரு கருத்து உண்டாகி இருக்கிறதென்றால், அது கோவிலில் கேட்டவற்றாலும் அந்தப் பதிவு மேசையில் பார்த்தவற்றாலும் சேர்ந்தே உண்டானது.

பணியில் இருந்தபோது ஓர் இரவு, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர் கடுமையான வயிற்று வலியோடு அனுமதிக்கப்பட்டார். அழைத்து வந்தவரும் ஏறத்தாழ அதே வயதுப் பெண்மணிதான். அனுமதிப் படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, “கூட இருக்கிறவங்க” என்றார். நான் ‘தோழி’ என்று எழுதினேன். நோயாளி எந்த மாத்திரையை எந்த வேளையில் எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு முறை சொல்லி, அதை நான் எழுதுகிறேனா என்று எட்டியும் பார்த்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டிய நேரம் வந்தபோது, நோயாளி கையெழுத்திடும் நிலையில் இல்லை. தோழியின் கையெழுத்து போதாது, கணவரோ ரத்த உறவினரோ வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேடிப் பிடித்துச் சொல்லி அனுப்பிய தம்பி மறுநாள் பிற்பகல்தான் வந்து சேர்ந்தார். அக்காவோடு பேசிப் பல வருடம் ஆயிற்று என்று அவரே சொன்னார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று மருத்துவர் அவரைக் கேட்டார். அவர் திரும்பிப் பார்த்தது, வெளியே பெஞ்சில் நோயாளியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணியைத்தான்.

நோயாளி பிழைத்துக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் இடையே இருந்தது என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் தம்பியின் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு அந்தத் துண்டுச் சீட்டுக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது.

என் திருச்சபை கற்பிப்பதைக் குறைத்தோ மழுப்பியோ சொல்ல நான் விரும்பவில்லை. திருமணம் எங்களுக்கு ஏழு அருட்சாதனங்களில், அதாவது இறையருளைத் தரும் புனிதச் சடங்குகளில், ஒன்று. ஆணும் பெண்ணுமாகக் கடவுள் படைத்தார் என்ற, விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் சொல்லிலிருந்து அது தொடங்குகிறது. ஒருவரையொருவர் முழுமையாகக் கையளித்தலும், புதிய உயிருக்குத் திறந்திருத்தலும் பிரிக்க முடியாதவை என்று திருச்சபை கருதுகிறது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்ததும் இதே அடிப்படையில்தான். ஆகவே இது தன்பால் ஈர்ப்புடையவர்களை மட்டும் குறிவைத்து எழுந்த விதி அன்று. உடலைப் பற்றிய ஒரு முழுப் பார்வையின் பகுதி. தன்பால் உறவுச் செயல்களை மறுக்கும் திருச்சபையின் அதே மறைக்கல்வி நூல்தான், அந்த ஈர்ப்புடையவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய இணையருக்கு வழிபாட்டுச் சடங்காக அமையாத எளிய ஆசியைக் குருக்கள் வழங்கலாம் என்று அனுமதித்தது. அதே அறிக்கை திருமணம் பற்றிய போதனையில் எந்த மாற்றமும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னது. அதற்கே ஆப்பிரிக்க ஆயர்களிடமிருந்து கடும் மறுப்பு எழுந்தது. திருச்சபைக்குள் இந்தப் பேச்சு ஓயவில்லை, ஓயவும் போவதில்லை. அது எங்கள் வீட்டுப் பேச்சு. அதில் எனக்கும் மன வருத்தங்கள் உண்டு, அவற்றை இங்கே கொண்டுவர மாட்டேன்.

வசனங்களை எடுத்துக்காட்டிய அன்பர், மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தைத் தம் வாதத்தின் முதுகெலும்பாக வைத்திருந்தார். படைப்பின் தொடக்கத்திலேயே கடவுள் ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், இருவரும் ஒரே உடலாவர் என்று இயேசு சொல்லும் இடம் அது. நான் அந்த அதிகாரத்தைப் பலமுறை படித்தவள். அந்தப் பதில் எந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்டது என்பதை அன்பர் குறிப்பிடவில்லை. பரிசேயர் என்ற யூதச் சமயக் குழுவினர் வந்து கேட்டது தன்பாலினத் திருமணம் பற்றி அன்று, மணவிலக்குப் பற்றி. எக்காரணத்தை முன்னிட்டும் ஒருவர் தம் மனைவியை விலக்கிவிடலாமா என்று கேட்டார்கள். கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட தீர்ப்பு. மணவிலக்குப் பெற்று வேறொருவரை மணப்பது விபசாரம் என்று அதே அதிகாரம் தொடர்ந்து சொல்கிறது. மணவிலக்குப் பற்றி இயேசுவின் வாயிலிருந்தே இவ்வளவு நேரான சொல் இருக்கும்போது, இன்று எத்தனை கத்தோலிக்கர் நாட்டின் மணவிலக்குச் சட்டத்தை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறோம்?

இதை மடக்கும் கேள்வியாகக் கேட்கவில்லை. எங்களுக்கே பழக்கமாகிவிட்ட ஒரு நடைமுறை இதில் இருக்கிறது. மணவிலக்குப் பெற்றவர் மறுமணம் செய்துகொண்டு வந்தால், முதல் திருமணம் செல்லாதது என்று திருச்சபையின் நீதிமன்றம் அறிவிக்காதவரை, பங்குத்தந்தை அந்த இரண்டாம் திருமணத்தைக் கோவிலில் நடத்த மாட்டார். எந்த அரசும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அதே மனிதர் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்தால், அவருடைய இரண்டாம் மனைவியின் பெயருக்கு நேராக ‘மனைவி’ என்றுதான் நான் எழுதினேன். ஒருநாளும் என் கை நடுங்கியதில்லை. திருச்சபையின் கணக்கில் அவர் மனைவி அல்லர் என்று எனக்குத் தெரியும். அரசின் கணக்கில் மனைவிதான் என்பதும் தெரியும். இரண்டு கணக்கும் இத்தனை ஆண்டுகளாக அருகருகே இருந்து வருகின்றன. எந்தக் கோவிலும் அதனால் இடிந்துவிடவில்லை.

இந்த நிலைக்கு வர கத்தோலிக்க நாடுகள் பட்ட பாடு சிறிதன்று. இத்தாலியில் 1970இல் மணவிலக்குச் சட்டம் வந்தது. அதை நீக்கக் கோரி 1974இல் பொது வாக்கெடுப்பு நடந்தபோது ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். அயர்லாந்தில் மணவிலக்கு மீதான தடை அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1995 வாக்கெடுப்பில் 50.28 விழுக்காடு என்ற மயிரிழை வேறுபாட்டில்தான் அது அகன்றது. அதே அயர்லாந்து, இருபது ஆண்டுகள் கழித்து, 2015 மே 22 அன்று தன்பாலினத் திருமணத்தை 62 விழுக்காட்டு வாக்குகளால் ஏற்றது. வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் அனைவரும் விசுவாசத்தைக் கைவிட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கணிசமானோர் பலிபீடத்தையும் பதிவேட்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

அப்படிப் பிரித்துப் பார்ப்பது நேற்று முளைத்த நாத்திகச் சூழ்ச்சி என்று நினைப்பவர்கள் வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல நூற்றாண்டுகள் கத்தோலிக்க உலகில் இருவரின் சம்மதம் ஒன்றே திருமணத்தைச் செல்லுபடியாக்கப் போதுமானதாக இருந்தது. குருவும் சாட்சிகளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி 1563இல், திருச்சபைத் தலைவர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கத்தில்தான் வந்தது. மறைவில் நடந்த திருமணங்களை ஒருவர் பின்னால் மறுத்துவிட்டால் பெண்ணுக்கு நீதி கிடைக்காது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அதாவது நம்பகமான சாட்சியம் தேவைப்பட்டது. அதே நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் திருமணத்தை உலகியல் காரியம் என்று சொல்லி, அதை ஆட்சியாளரின் பொறுப்பில் விட்டார். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அமெரிக்காவில் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் 1621இல் நடந்த முதல் திருமணத்தை நடத்தி வைத்தவர் ஓர் ஆட்சி அதிகாரி, போதகர் அல்லர். அந்தக் குடியேறிகளைவிட ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்களைக் காண்பது அரிது. திருமணத்தைப் போதகரின் பணியாக விவிலியம் எங்கும் குறிப்பிடவில்லை என்று அவர்கள் கருதியதால்தான் அப்படிச் செய்தார்கள். பிரான்சில் 1792 செப்டம்பர் 20 அன்று திருமணப் பதிவு முழுவதும் ஊராட்சி மன்றங்களுக்கு மாறியது புரட்சியின் விளைவு. ஆனால் அதற்கு வெகு முன்பே இறைப்பற்றாளர்களே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

பதிவேடு அரசின் கையில் இருக்கிறது என்றால், அதில் ஒருவர் பெயரை எழுத மறுப்பதற்கு எல்லாருக்கும் புரியும் காரணம் வேண்டும். என் மறைநூலை ஏற்காதவருக்கு என் மறைநூல் காரணம் ஆகாது. அவர் மறைநூல் எனக்குக் காரணம் ஆகாததுபோல. இதை உணர்ந்திருப்பதால்தான் எதிர்ப்பாளர்கள் பலர் சமயச் சொல்லை விட்டுவிட்டுப் பொதுக் காரணங்களைத் தேடுகிறார்கள். அந்தக் காரணங்களைப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் கேட்டபின் அவை நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அவற்றில் மிகுந்த கவனத்துக்கு உரியது குழந்தைகளைப் பற்றியது. குழந்தையை அதைப் பெற்ற தாயோடும் தந்தையோடும் இணைத்து வைப்பதற்காகவே அரசு திருமணத்தில் தலையிடுகிறது, அந்த நோக்கம் ஆண்-பெண் உறவுக்கே பொருந்தும் என்பது வாதம். கேட்கும்போது இதில் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. திருமணச் சட்டங்களின் வரலாற்றில் வாரிசும் தகப்பன் பெயரும் பெரிய பங்கு வகித்தது உண்மை. ஆனால் எழுபது வயதில் மணம் செய்துகொள்ளும் இருவரை எந்தப் பதிவாளரும் பிள்ளை பெறுவீர்களா என்று கேட்பதில்லை. கருப்பை அகற்றப்பட்ட பெண்ணுக்கு எந்த நாட்டிலும் திருமணம் மறுக்கப்படுவதில்லை. மறுபுறம், ஒரே பாலின இணையரின் வீடுகளில் குழந்தைகள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்: முந்தைய திருமணத்தில் பிறந்தவர்கள், தத்தெடுக்கப்பட்டவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013இல் இத்தகைய திருமணத்துக்கு ஆதரவு தெரிவித்தபோது முன்வைத்தது இந்தக் குழந்தைகளின் நலனைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கையெழுத்திட இரண்டு பேர் இருப்பது நல்லதா, ஒருவர் மட்டும் இருப்பது நல்லதா என்று கேட்டால், பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த எவருக்கும் பதில் தெரியும்.

இயற்கைக்கு மாறானது என்ற சொல்லை நீட்டி விவாதிக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கலப்பினத் திருமணம் செய்துகொண்ட ஒரு தம்பதியருக்கு 1959இல் தண்டனை விதித்த நீதிபதி, எல்லாம் வல்ல கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று எழுதினார். 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளியது. இரண்டு வழக்கும் எல்லா வகையிலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இனக்கலப்புத் தடையைப் பெரும்பாலான திருச்சபைகள் எக்காலத்திலும் போதித்ததில்லை. ஆனால் ஒரு தலைமுறையின் பழக்கம் எவ்வளவு எளிதாகக் கடவுளின் பெயரையும் இயற்கையின் பெயரையும் சூடிக்கொள்கிறது என்பதற்கு அந்த வரிகள் சாட்சி.

இனி, மதத்தைப் பூட்டிவிட்டு வரச் சொன்ன அன்பருக்குச் சில வார்த்தைகள். தங்களோடு முடிவில் நான் பெரிதும் உடன்படுகிறேன், வழியில் உடன்படவில்லை. தன்பாலினத் திருமணத்தை ஏற்காதவர் அனைவரையும் வெறுப்பாளர் என்று தாங்கள் ஒரே கூடையில் அள்ளிப் போட்டது நியாயமன்று. என் பங்குக் கோவிலில் ஒரு முதியவர், தன்பால் ஈர்ப்புடைய தம் பேரனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அவனைத் துரத்தச் சொன்ன உறவினரைத் துரத்தியவர். ஆயினும் அவனுக்குக் கோவிலில் திருமணம் நடக்க முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது வெறுப்பு என்று சொல்ல என் நா எழாது. அவர் மீது வெறுப்பாளர் என்ற பட்டத்தை ஒட்டுபவர், பேரனுக்கு இருக்கும் ஒரே அடைக்கலத்தை ஏளனம் செய்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சமயம் ஒரு பக்கம், சமயச்சார்பின்மை மறுபக்கம் என்று தாங்கள் கோடு கிழித்திருக்கிறீர்கள். கோடு அப்படி விழவில்லை. பிரிட்டனின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினர் 2009இலேயே ஒரே பாலின இணையரின் திருமணத்தை மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவதென்று முடிவு செய்தார்கள். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013இல்தான். டென்மார்க்கின் லூத்தரன் தேசியத் திருச்சபை 2012 முதல் தன் ஆலயங்களிலேயே இத்திருமணங்களை நடத்துகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பதிவு உரிமம் இல்லாத இணையருக்குத் திருமணச் சடங்கு நடத்தும் போதகரைத் தண்டிக்கும் விதி இருந்தது. ஐக்கிய கிறிஸ்து சபை என்ற புரொட்டஸ்டன்ட் சபை 2014இல் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது, தங்கள் சமய சுதந்திரம் பறிக்கப்படுகிறது என்ற வாதத்தோடு. தடை செய்யும் சட்டம் சமயத்தைக் காக்கிறது என்று நினைப்பவர்கள் அந்த வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். அது ஒரு சமயத்தின் போதனையைக் காத்து இன்னொன்றின் வாயை அடைத்தது. மற்றச் சமயங்களைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் தாய்லாந்து, பெரும்பான்மை பௌத்தர் வாழும் நாடு, 2025 ஜனவரி 23 முதல் இத்திருமணங்களைப் பதிவு செய்து வருகிறது என்பதையும், இந்திய உச்ச நீதிமன்றத்தில் இத்திருமணம் குறித்த வழக்கு நடந்தபோது இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகள் பலவும் எதிர்ப்பில் ஒன்றுசேர்ந்தன என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மனச்சான்றின் கேள்விதான் எனக்குக் கடினமானது. கோவில்களைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் எந்தச் சமய அமைப்பும் தானே முன்வந்தாலன்றி இத்திருமணங்களை நடத்த வேண்டியதில்லை என்று பல பூட்டுகள் போட்டுப் பாதுகாத்தது. அந்நாட்டின் அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையோ தன் சட்டப்படி நடத்தவே முடியாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த திருமண மதிப்புச் சட்டத்திலும் சமய அமைப்புகளுக்கான பாதுகாப்பு எழுதப்பட்டது. அதனால்தான் தன் போதனையில் அணுவளவும் மாறாத மார்மன் திருச்சபை அச்சட்டத்துக்கு ஆதரவு தெரிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, இரு தரப்பும் மனம் வைத்தால் எவ்வளவு தூரம் வரலாம் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

சிக்கல் பதிவாளரிடம் வருகிறது. இலண்டனில் ஒரு பதிவாளர், கிறிஸ்தவப் பெண்மணி, 2005இல் ஒரே பாலின இணையரின் பதிவும் அவருடைய பணிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது மனச்சான்று இடம்தராமல் ஒதுங்கினார். சில காலம் சக ஊழியர்களோடு முறை மாற்றிக்கொண்டு சமாளித்தார்; பின்னர் புகார் எழுந்து, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி, வேலையையும் இழந்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜனவரியில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்கா 2006இல் இத்திருமணத்தை அனுமதித்தபோது, மனச்சான்றின் பேரில் மறுக்கும் உரிமையை அரசு அலுவலர்களுக்குச் சட்டத்திலேயே கொடுத்தது. 2020இல் அந்தப் பிரிவை நீக்கியது. இரண்டிலும் நான் நீதிமன்றத்தின், நாடாளுமன்றத்தின் பக்கமே நிற்கிறேன், ஆனால் மகிழ்ச்சியோடு அன்று. பணியில் சேர்ந்தபோது இல்லாத ஒரு கடமையை நடுவழியில் சுமத்தி, முறை மாற்றிக்கொள்ளவும் விடாமல் ஒருவரை வெளியேற்றுவது கடுமை. முறை மாற்றிக்கொள்வதால் மேசைக்கு வந்தவர் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றால், மேலதிகாரிகள் அதற்கு இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் மேசைக்கு வந்தவரிடம் உங்கள் பெயரை எழுத மாட்டேன் என்று சொல்லும் உரிமை அரசுச் சம்பளம் வாங்கும் எவருக்கும் கிடையாது. நான் மறுமணம் செய்தவர்களின் பெயரை எழுதிய அதே பேனாவால்தான் எல்லார் பெயரையும் எழுதியாக வேண்டும்.

யார் முடிவு செய்வது என்ற கேள்வியையும் தொட்டுவிடுகிறேன். 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இத்திருமணத்தை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியபோது, மாற்றுத் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், இதை மக்கள் விவாதித்து முடிவு செய்ய விட்டிருக்க வேண்டும் என்றார். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என்று கூறி, சட்டமியற்றும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டது. மக்கள் மனமாற்றத்தோடு வரும் சட்டம் ஆழமாக வேர்விடும் என்பது உண்மைதான். ஆனால் தைவானில் 2018 நவம்பர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை மறுத்தபோதும், அரசியல் சட்ட நீதிமன்றம் ஏற்கெனவே விதித்திருந்த கெடுவின்படி 2019 மே 24 முதல் திருமணங்கள் பதிவாயின. சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையின் வாக்குக்கு விடும்போது, காத்திருக்கச் சொல்லப்படுகிறவர்களின் வயதையும் நோயையும் யார் கணக்கில் வைப்பது?

கடைசியாக, தங்கள் பக்கத்தில் மூன்றாவதாக எழுதிய வாசகர் ஒருவர், உரிமைகளையெல்லாம் கொடுத்துவிடலாம், திருமணம் என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று சமரசம் சொன்னார். டென்மார்க் 1989இல் பதிவுபெற்ற இணைவாழ்வு என்ற ஏற்பாட்டை உலகில் முதன்முதலில் கொண்டுவந்தது இப்படித்தான். மறைந்த எங்கள் திருத்தந்தை பிரான்சிஸ், 2010இல் அர்ஜென்டினாவில் இத்திருமணச் சட்டத்தைப் புவெனஸ் ஐரஸ் பேராயராக இருந்து கடுமையாக எதிர்த்தவர், பின்னர் 2020இல் இவர்களுக்குக் குடிமைச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னது வெளிவந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அது பெரிய அடி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பெயர் என்பது பதிவேட்டில் வேலை செய்யும் கருவி. ‘கணவர்’, ‘மனைவி’ என்றால் இரவுப்பணியில் இருக்கும் எழுத்தருக்கு விளக்கம் தேவையில்லை. வேறொரு பெயரை எழுதினால் அவர் மேலதிகாரியைக் கேட்பார், மேலதிகாரி சட்டப் பிரிவைக் கேட்பார், அதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஒபர்கஃபெல், ஜான் ஆர்தர் ஆகிய இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் ஆர்தர் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனார். அவர்கள் மாநிலத்தில் திருமணம் செய்துகொள்ள முடியாததால், 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றில் அவரைப் படுக்கவைத்து மேரிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பால்டிமோர் விமான நிலையத்தில் விமானம் தரையில் நின்றபடியே, அதற்குள்ளேயே மணம் நடந்தது, திரும்பிவிட்டார்கள். ஆர்தர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் ‘உயிருடன் இருக்கும் வாழ்க்கைத் துணை’ என்ற கட்டத்தில் ஒபர்கஃபெல்லின் பெயரை எழுத வேண்டும் என்று நீதிபதி ஒருவர் ஆணையிட்டிருந்தார். மாநில அரசு அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது. நான் மேலே சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்புக்கு ஒபர்கஃபெல்லின் பெயர் வந்தது இந்த ஒரு கட்டத்தால்தான். அந்தக் கட்டத்தை நிரப்பிய எழுத்தரின் இடத்தில் என்னை வைத்துப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் நம்பும் எந்த அருட்சாதனமும் அந்தப் பெயரை எழுதுவதால் குறைந்திருக்காது. எழுதாமல் விட்டிருந்தால், இறந்தவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தவர் யார் என்பது பதிவேட்டில் இல்லாமலேயே போயிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பதிவு எழுத்தர்